சண்டைக்கு மட்டும் இங்கிலீஷ்

அந்த வீட்டில் தமிழில் சண்டை போடக் கூடாது. எழுதாத சட்டம்தான், ஆனால் எழுதின சட்டங்களைவிட ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்டது. சாப்பாடு, சிரிப்பு, காய்ச்சல், ஊர்வம்பு, மகளின் படிப்பு எல்லாம் தமிழில் நடக்கும். கோபம் வந்தால் மட்டும் புருஷனும் பெண்டாட்டியும் இங்கிலீஷுக்குப் போய்விடுவார்கள். அதுவும் பிரமாதமான இங்கிலீஷ் ஒன்றும் இல்லை. கைவசம் இருந்த கொஞ்சத்தை வைத்துக்கொண்டு சமாளித்த இங்கிலீஷ்.

மேல் மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் முதலில் இவர்களைப் பெரிய படிப்பாளிகள் என்று நினைத்தார்கள். "எப்பப் பாரு இங்கிலீஷ்லதான் பேசிக்கிறாங்க" என்று மரியாதையோடு சொல்லிக்கொண்டார்கள். சுவர் வழியாக வந்ததெல்லாம் சண்டை என்று அவர்களுக்குப் புரியக் கொஞ்ச நாள் ஆனது. புரிந்த பிறகு மரியாதை குறைந்தது, ஆர்வம் கூடியது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பல கட்டடங்களில் அவர் கை பட்டால்தான் ஏற்றமும் இறக்கமும். ஆகவே எல்லோருக்கும் அவர் லிஃப்ட்காரர். அவள் துணி துவைக்கும் மெஷின் செய்கிற கம்பெனி ஒன்றில் புகார்ப் பிரிவில் இருந்தாள். மெஷின் ஆடுகிறது, அலறுகிறது, சட்டையைத் தின்றுவிட்டது என்று வருகிற புகார்களுக்கு இங்கிலீஷில் பதில் எழுதுவது வேலை. மகள் அவளுக்கு வைத்த பெயர் புகாரம்மா. லிஃப்ட்காரரும் அவளைச் செல்லமாக அப்படித்தான் கூப்பிடுவார், கோபம் இல்லாத நேரங்களில், அதாவது தமிழில்.

கல்யாணமான புதிதில் அவர்களும் எல்லோரையும் போலத் தமிழில்தான் சண்டை போட்டார்கள். கூடவே பிறந்து கூடவே வளர்ந்த மொழியில் திட்டுவதற்கு எதையும் தேட வேண்டியதில்லை. வாயைத் திறந்தால் போதும், அம்மா வழியில் நாலு, அப்பா வழியில் நாலு என்று வார்த்தைகள் தயாராக வரிசையில் நிற்கும். எது எங்கே வலிக்கும் என்பதும் அத்துப்படி. அவர் அவளுடைய அப்பாவை இழுப்பார், அவள் அவருடைய வம்சத்தையே இழுப்பாள். ஒருநாள் வார்த்தை தடித்து, அவர் நாக்கில் நரம்பில்லாமல் ஒன்று சொன்னார். அதற்கு அவள் திருப்பிச் சொன்னது அதைவிட மோசம். இரண்டையும் இங்கே எழுதப்போவதில்லை, அவர்கள் மறப்பதற்குப் பட்ட பாடு போதும். அதன்பின் ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர்கள் மாதிரி இருந்தார்கள். பேச்சு வார்த்தை அடியோடு நின்றுபோனது.

நல்ல வேளையாக, இரண்டு பேரும் அப்போது ஒரு மாலை நேர இங்கிலீஷ் வகுப்பில் சேர்ந்திருந்தார்கள். அவருக்கு லிஃப்ட் கையேடுகளைப் படிக்க வேண்டும், அவளுக்கு ஒரு வேலை வேண்டும். வகுப்பை விட மனசில்லாமல், முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே ஒன்றாகப் போய் ஒன்றாக வந்தார்கள். அங்கே டீச்சர் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார். தினமும் அரை மணி நேரம் வீட்டில் இருப்பவர்களோடு இங்கிலீஷில் பேச வேண்டும்.

வீட்டுக்கு வந்து எதிரும் புதிருமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். "இட் இஸ் ரெய்னிங்" என்றார் அவர். வெளியே பார்த்துவிட்டு, "யெஸ், இட் இஸ் ரெய்னிங்" என்றாள் அவள். அதோடு வானிலை தீர்ந்துவிட்டது. பேசுவதற்கு மிச்சம் இருந்தது அந்தச் சண்டை ஒன்றுதான். சரி என்று அதையே எடுத்தார்கள்.

"யூ ஆர்..." என்று அவள் ஆரம்பித்தாள். வார்த்தை வரவில்லை. கையை முறுக்கிக் காட்டினாள், முகத்தை இறுக்கிக் காட்டினாள், கடைசியில் வேறு வழியில்லாமல் அவரிடமே கேட்டாள். "பிடிவாதக்காரன்னு சொல்ல என்ன வார்த்தை?"

அவர் யோசித்தார். அன்றைக்குத்தான் வகுப்பில் வந்திருந்தது. "ஸ்டபர்ன்."

"தேங்க் யூ. யூ ஆர் ஸ்டபர்ன்."

"யூ ஆர் வெல்கம்" என்றார் அவர், டீச்சர் சொல்லிக்கொடுத்தபடியே.

இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அதில் கொஞ்சம் அழுகையும் இருந்தது. அன்றைக்கே சட்டம் அமலுக்கு வந்தது.

அவளுக்கு இங்கிலீஷ் பிடித்துப்போனது அப்படித்தான். மற்றவர்கள் உத்தியோகத்துக்காகவும் அந்தஸ்துக்காகவும் அதைப் பிடித்துத் தொங்குவார்கள். அவளுக்கு அது சண்டை போடத் தோதான மொழி என்பதால் பிடித்தது. அதில் நீயும் கிடையாது, நீங்களும் கிடையாது. தமிழில் அவள் 'நீங்க' என்று மரியாதை கொடுத்துக்கொண்டே திட்ட வேண்டியிருந்தது, அவரோ 'நீ' என்று சுலபமாகத் திட்டிவிட்டுப் போனார். இங்கிலீஷில் புருஷனும் யூ, பெண்டாட்டியும் யூ. ஒரே பெஞ்சில் சரிக்குச் சரி உட்கார்ந்து சண்டை போடலாம். அப்புறம் அந்த 'ஐ திங்க்'. எதைச் சொன்னாலும் அதை முன்னால் போட்டுவிட்டால், இது என் நினைப்புதான், தப்பாகவும் இருக்கலாம் என்று ஒரு கதவு திறந்தே இருக்கும். 'ப்ளீஸ்' போடாமல் அந்த டீச்சர் யாரையும் வாயைத் திறக்க விட்டதில்லை, ஆகவே "ப்ளீஸ், டோன்ட் ஷவுட் அட் மீ" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். இறந்த காலத்துக்கும் பின்னால் இன்னொரு இறந்த காலம் இருக்கிறது என்று வகுப்பில் தெரிந்துகொண்ட அன்று அவள் அசந்துபோனாள். நேற்றுக்கும் பின்னால் ஒரு நேற்று. பழைய குற்றங்களைக் கொண்டுபோய் அங்கே போட்டுவிட்டு வந்துவிடலாமே என்று தோன்றியது. காய் நறுக்கும்போது 'நெவர்தலெஸ்' என்று முணுமுணுத்துக்கொள்வாள். இவ்வளவு நடந்தாலும் பரவாயில்லை, மேற்கொண்டு பார்ப்போம் என்பதை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிற வார்த்தை அது. அப்படி ஒரு வார்த்தையைச் செய்துவைத்த ஆட்கள் நிச்சயம் கல்யாணமானவர்களாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்பது அவள் கட்சி.

இந்த வீட்டில் வளர்ந்த மகள் எல்லா வீட்டிலும் இதுதான் வழக்கம் என்று நினைத்திருந்தாள். சின்ன வயதில் ஒருநாள் பக்கத்து வீட்டுச் சத்தத்தைக் கேட்டுவிட்டு மூச்சிரைக்க ஓடிவந்து, "அம்மா, அவங்க தமிழ்ல சண்டை போடுறாங்க, போலீஸ் பிடிச்சுக்காதா?" என்று கேட்டாள்.

வருஷங்கள் ஓடின. மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கப் போனாள். லிஃப்ட்காரரின் இங்கிலீஷ் இருந்த இடத்திலேயே நின்றது, லிஃப்டுக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை. அவளுடையது வளர்ந்துகொண்டே போனது. புகாருக்குப் பதில் எழுதுவது லேசுப்பட்ட காரியம் இல்லை. கொதித்துப்போய் எழுதியவரைக் குளிரவைக்க வேண்டும், ஆனால் தப்பு கம்பெனியுடையது என்று எங்கேயும் ஒப்புக்கொண்டு மாட்டிக்கொள்ளக் கூடாது. வருத்தப்படலாம், எதற்காக வருத்தம் என்று மட்டும் சொல்லக் கூடாது. தாங்கள் இப்படி உணர நேர்ந்ததற்கு வருந்துகிறோம், தங்கள் கவலை எங்களுக்கு முக்கியம். இங்கிலீஷில் இதை எழுதினால் மன்னிப்பு மாதிரியே இருக்கும். தட்டிப் பார்த்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. இந்த வித்தையில் அவள் புலி. அவள் எழுதிய பதில்களைத்தான் மேலதிகாரி மற்றவர்களுக்கு மாதிரியாகக் கொடுத்தார்.

சும்மா சொல்லக்கூடாது, அவளுக்கும் அதில் பெருமைதான். ஒரு வாக்கியத்தை எங்கே மடித்தால் மடிப்பு தெரியாது என்று அவள் கைக்குப் பழகியிருந்தது. அந்தப் பழக்கம் அலுவலகத்தோடு நிற்கவில்லை, வீட்டுக்கும் வந்துவிட்டது. அவர் ஒரு வாக்கியத்தைத் தேடிக் கூட்டி முடிப்பதற்குள் அவள் மூன்று சொல்லி முடித்திருப்பாள். சண்டைகளில் எப்போதும் அவளே ஜெயித்தாள். ஜெயிக்கிறவர்களுக்கு எதிரே இருப்பவர் முகம் அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை.

கடைசியாக நடந்தது அவருடைய தங்கை விஷயம். தங்கை குடும்பத்தோடு வந்து தங்குவதாக இருந்தாள். புகாரம்மாவுக்கு வேலை கழுத்தை நெரித்ததால், அடுத்த மாதம் வரச் சொல்லிப் போனில் சொல்லிவிட்டாள். அவரைக் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே மனசு நொந்துபோனது. மாலையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"மை சிஸ்டர். யூ டிட் நாட் டோல்ட் மீ."

"டெல்" என்றாள் அவள். "டிட் நாட் டெல்."

அவர் நிறுத்தினார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். தங்கை எத்தனை ஆசையாக இருந்தாள், தான் அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்பதையெல்லாம் தட்டுத்தடுமாறிச் சொன்னார். புகாரம்மாவுக்கு அன்றைக்குத் தலைக்கு மேல் வேலை, உடம்பெல்லாம் அசதி. பாதிக் காதில் கேட்டுக்கொண்டிருந்தவள் வாயிலிருந்து, நாள் முழுக்க எழுதிய வாக்கியம் தானாக வந்து விழுந்தது.

"ஐ ஆம் சாரி யூ ஃபீல் தட் வே. யுவர் கன்சர்ன் இஸ் இம்பார்ட்டன்ட் டு அஸ்."

லிஃப்ட்காரர் அவளையே பார்த்தார்.

"'அஸ்'னா யாரு?" என்று கேட்டார். தமிழில் கேட்டார், கோபமே இல்லாமல் கேட்டார்.

வேறு ஒரு நாளாக இருந்தால் இருவரும் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். அன்றைக்கு யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவர் எழுந்து, நாற்காலியை அதன் இடத்தில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சண்டையே இல்லை. கேட்பவர்களுக்கு நல்ல செய்தி மாதிரித் தெரியும். அவளுக்குத்தான் தெரியும் அந்த நிம்மதியின் லட்சணம். எதைச் சொன்னாலும் 'சரி'. எதைக் கேட்டாலும் 'உன் இஷ்டம்'. அவர் முகம் கொடுத்துப் பேசினார், சாப்பாடு நன்றாக இருக்கிறது என்றார், மாடியில் காய்ந்த துணியை எடுத்து மடித்து வைத்தார். ஒரு குறையும் சொல்ல முடியாது, அதுதான் குறை. மன்னிப்புக் கேட்க அவளும் பலமுறை வாயெடுத்தாள். எந்த வாக்கியத்தைக் கூட்டினாலும் அது அலுவலக வாக்கியமாகவே அவள் காதில் ஒலித்தது. சே என்று விட்டுவிட்டாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் அந்த வேலை வந்தது. கம்பெனி இன்னொரு ஊரில் பெரிதாக ஒரு புகார்ப் பிரிவு திறக்கிறது, அதற்குத் தலைமை ஏற்க அவள் வர வேண்டும் என்றார்கள். ரயிலில் ஓர் இரவுப் பயணம். இரண்டு வருஷம் அங்கேயே இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். அவளுக்கு ஆசைதான், பொய் சொல்வானேன். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவரிடம் சொன்னாள்.

"ரெண்டு வருஷங்க."

"சரி."

"வேற ஊரு. நினைச்சா வர முடியாது."

"சரி."

"நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"நான் என்ன நினைக்கிறது. உன் இஷ்டம்."

வேலைக்குப் போவதா வேண்டாமா என்ற கேள்வி அந்த நிமிஷமே பின்னால் போய்விட்டது. நான் இல்லாவிட்டால் இந்த மனுஷருக்கு ஏதாவது ஆகுமா ஆகாதா, அது ஒன்றுதான் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஒரே ஒரு 'நோ' சொன்னால் போதும். போவதையும் இருப்பதையும் பிறகு பேசி முடித்துக்கொள்ளலாம். சண்டை போடாமல் வழியனுப்புகிறவர் மனசுக்குள் எப்போதோ வழியனுப்பிவிட்டார் என்றுதானே அர்த்தம். வெள்ளிக்கிழமை வரை அவர் இப்படியே இருந்துவிட்டால், அவள் ரயில் ஏறினாலும் ஏறாவிட்டாலும் இந்தக் கல்யாணத்தில் ஒன்றும் மிஞ்சாது என்று அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

ஆகவே வம்புக்கு இழுத்துப் பார்த்தாள். சாப்பாட்டில் உப்பே போடாமல் வைத்தாள். அவர் எழுந்துபோய் உப்பை எடுத்துப் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். அவருடைய ஸ்பானர் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அவர் குனிந்து தேடி எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார். கடைசி அஸ்திரமாக, அவர் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்த கால்பந்து ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் டிவியை அணைத்தாள். இதற்கு எந்த மனுஷனும் சும்மா இருக்க மாட்டான்.

"யார் ஜெயிச்சாங்கன்னு காலைல பேப்பர்ல வரும்" என்றார் அவர்.

அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

மகள் போன் செய்தாள். "அப்பா என்னம்மா சொன்னார்?"

"சரின்னுட்டார்."

"ஒரே பேச்சிலயா? இங்கிலீஷ் எதுவும் வரலையா?"

"இல்லடி."

"அம்மா, எனக்குப் பயமா இருக்கு. நான் கிளம்பி வரட்டுமா?"

"நீ பரீட்சைக்குப் படி" என்று சொல்லி வைத்துவிட்டாள். வைத்த பிறகுதான், வரச் சொல்லியிருக்கலாமோ என்று தோன்றியது.

வியாழக்கிழமை அவள் அலுவலகம் இருந்த கட்டடத்தில் லிஃப்ட் பராமரிப்பு. அது லிஃப்ட்காரர் பொறுப்பில் இருந்த கட்டடம்தான். ஒவ்வொரு மாடியிலும் கதவுக்கு முன்னால் பழுது பார்க்கப்படுகிறது என்று பலகை வைத்திருந்தது. மதியம் போல வரவேற்பில் இருக்கிற பெண் மாடிப்படி ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு இவளிடம் வந்தாள்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. சாருக்கு உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஏம்மா?"

"காலைலேர்ந்து லிஃப்ட் கூண்டு மேல உக்காந்து தனியா பேசிட்டு இருக்காரு. போற வர்றவங்க எல்லாம் நின்னு கேக்குறாங்க. சுவருக்குள்ளேர்ந்து யாரோ இங்கிலீஷ் பேசுறாங்கன்னு வாட்ச்மேன் பயந்து போய் வெளியே நிக்கிறார்."

அவள் எழுந்து வராந்தாவுக்குப் போனாள். மூடியிருந்த லிஃப்ட் கதவருகே நின்று காது கொடுத்தாள். முதலில் ஸ்பானர் இரும்பில் உரசுகிற சத்தம் மட்டும் வந்தது. கூண்டு மெல்லக் கொஞ்ச தூரம் ஏறி நின்றது. பிறகு கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல அவர் குரல் கேட்டது.

"நோ. ஐ டோன்ட் அக்ரீ."

தொண்டையைச் செருமிக்கொண்டார். அதையே இன்னும் கொஞ்சம் மெதுவாக, மரியாதையாகச் சொல்லிப் பார்த்தார். "நோ. ப்ளீஸ். ஐ டோன்ட் அக்ரீ." திருப்தி இல்லை போலிருக்கிறது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

அவள் கதவின் மேல் உள்ளங்கையை வைத்தாள். தகரம் சில்லென்றிருந்தது. பக்கத்து அலுவலகத்துப் பையன்கள் இரண்டு பேர் தண்ணீர் பாட்டிலோடு வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. அந்த மனுஷர் இருட்டுக்குள் கிரீஸ் கையோடு உட்கார்ந்து அவளோடு சண்டை போடப் பாடம் பண்ணிக்கொண்டிருக்கிறார். அவளுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. உள்ளே குரல் அடுத்த வாக்கியத்துக்குப் போனது, "பிகாஸ்" என்று தொடங்கியது. அவள் சட்டென்று கையை எடுத்துக்கொண்டு விலகி நடந்தாள். எதிராளியின் வாதத்தை முன்கூட்டியே ஒட்டுக்கேட்பது நியாயம் இல்லை. அவர் அதை இவ்வளவு சிரமப்பட்டுச் சேர்க்கிறார், முதல் தடவையாகக் கேட்கிறவளாகத்தான் அவள் அவர் முன்னால் உட்கார வேண்டும்.

"சாருக்கு ஒண்ணும் இல்லம்மா" என்றாள் அந்தப் பெண்ணிடம். "நல்லாத்தான் இருக்கார்."

மாலையில் அவர் வந்தார். அவள் ஒன்றும் தெரியாதவள் போல அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நகக்கண்ணில் இருந்த கறுப்பெல்லாம் போகும்வரை கை கழுவினார். சட்டையை மாற்றிக்கொண்டார். கூடத்தில் இரண்டு நாற்காலிகளை எதிரெதிரே இழுத்துப் போட்டார். அந்தச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

"ப்ளீஸ் சிட்" என்றார்.

அவள் வந்து உட்கார்ந்தாள்.

"ப்ளீஸ் டோன்ட் கரெக்ட். ஐ ஃபினிஷ். தென் கரெக்ட்."

அவள் தலையசைத்தாள்.

அவர் இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டார். நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது. "நோ. ப்ளீஸ். ஐ டோன்ட் அக்ரீ. பிகாஸ் யூ கேம், யூ ஸெட், ஐ ஹேவ் ஜாப், டூ இயர்ஸ், அதர் சிட்டி. யூ இன்ஃபார்ம் மீ. லைக் நோட்டீஸ் போர்டு."

"ஐ ஆஸ்க்ட் யூ" என்றாள் அவள். "யூ ஸெட் சரி."

"யெஸ். ஐ ஸெட் சரி. ஃபுல் மந்த் ஐ ஸெட் சரி. யூ நோ வொய்?"

அவளுக்குத் தெரியும். ஆனால் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

"யூ டாக் டு மீ லைக் கஸ்டமர்." அந்த இடத்தில் அவர் குரல் பிசிறியது. தண்ணீர் வேண்டுமா என்று அவள் எழப்போனாள், அவர் கையமர்த்தினார். பாடம் பண்ணியது இதுவரைதான் போலிருக்கிறது, மேற்கொண்டு வந்தது ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. "கஸ்டமர் ஆங்க்ரி, கஸ்டமர் கோ அதர் ஷாப். ஐ ஆம் ஆங்க்ரி, வேர் ஐ கோ? ஐ ஹேவ் நோ அதர் ஷாப்."

எத்தனையோ ஆயிரம் புகார்களைப் படித்தவள் அவள். திட்டியவர்கள், மிரட்டியவர்கள், கெஞ்சியவர்கள் எல்லோருக்கும் உடனுக்குடன் பதில் எழுதியவள். எத்தனை அழகாக மடித்தாலும் இதன் முன்னால் நிற்கக்கூடிய வாக்கியம் ஒன்று அவளுக்குக் கிடைக்கவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

"சாரி" என்றாள். முன்னாலும் பின்னாலும் ஒன்றையும் ஒட்டாமல் அதை மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டது அவர் தோளில் தெரிந்தது.

மேல் மாடியில் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள்.

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "நான் போகலைங்க" என்றாள். "காலைல முதல் வேலையா முடியாதுன்னு சொல்லிடுறேன்."

அவர் பதறிப்போனார். "நோ, நோ. இங்கிலீஷ்ல பேசு. இன்னும் முடியலை. நான் இதுவரைக்கும் சொன்னது பாதிதான்."

"மிச்சம் என்ன?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யூ மஸ்ட் கோ."

"வாட்?"

"யூ மஸ்ட் டேக் தட் ஜாப். யூ ஆர் வெரி குட் இன் தட். டூ குட். ஐ நோ, ஐ காட் ஹர்ட்." கொஞ்சம் சிரித்தார். "சோ யூ மஸ்ட் கோ."

"ஐ வில் நாட் கோ" என்றாள் அவள். "டூ இயர்ஸ் அலோன், ஐ வில் நாட் கோ." அவள் குரல் ஏறியது. அவர் குரலும் ஏறியது. போ என்று அவரும், போக மாட்டேன் என்று அவளும், ப்ளீஸ் போட்டுக்கொண்டே கொஞ்ச நேரம் கத்தினார்கள். அவர் வார்த்தைக்குத் திணறிய இடங்களில் அவள் காத்திருந்தாள். அவள் வேகமாகப் போன இடத்தில் அவர் "ஸ்லோ, ஸ்லோ" என்றார். அவள் நிறுத்தி, மெதுவாகத் திரும்பச் சொன்னாள்.

"நாட் அலோன்" என்றார் அவர். "ஐ ஆஸ்க்ட் மை ஆபீஸ். தட் சிட்டி ஆல்சோ தே ஹேவ் வொர்க். நெக்ஸ்ட் மந்த் ஐ கேன் கம்."

அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் எங்கிருந்தோ கோபம் சுர்ரென்று ஏறியது. "யூ ஆஸ்க்ட் யுவர் ஆபீஸ்? பிஃபோர் ஆஸ்கிங் மீ?"

லிஃப்ட்காரர் வசமாக மாட்டிக்கொண்டார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். மடிப்பதற்கும் மறைப்பதற்கும் அவரிடம் வாக்கியங்கள் இல்லை. "யெஸ்" என்றார். "மை மிஸ்டேக்."

"யுவர் சிஸ்டர், யுவர் ஃப்ரெண்ட்ஸ், திஸ் ஹவுஸ், எவ்ரிதிங் யூ வில் லீவ்? ஃபார் வாட்?"

இந்தக் கேள்வியை அவர் கூண்டின் மேல் உட்கார்ந்து யோசித்திருக்கவில்லை. பதிலுக்காகக் கையைப் பிசைந்தார். கூரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்து, தயாரிக்காத இங்கிலீஷில், ரொம்ப அமைதியாகக் கேட்டார்.

"தேர், ஹூ வில் ஃபைட் வித் யூ?"

அவள் யோசித்துப் பார்த்தாள்.

"நோபடி" என்றாள்.